கிரகணத்தைக் குனிந்து பாருங்கள்: வடசென்னை மொட்டை மாடிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சூரிய கிரகணம் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "கண்ணாடி எங்க கிடைக்கும்?" நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 2019 டிசம்பர் 26 காலையில் ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஒரே ஒரு கிரகணக் கண்ணாடியை வைத்துக்கொண்டு பதினேழு பேர் வரிசையில் நின்றோம். ஆளுக்கு அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் பின்னால் நிற்பவர் தோளைத் தட்டுவார். அந்தக் கூத்தில் கொடியில் துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சிறுமிதான் தரையைக் காட்டி, "ண்ணா, இங்க பாரு, குட்டிக் குட்டி நிலா" என்றாள். மூலையில் கிடந்த பழைய பிளாஸ்டிக் கூடையின் ஓட்டைகள் வழியாக வெயில் விழுந்த இடத்திலெல்லாம் பிறைகள். வரிசை அப்படியே கலைந்துவிட்டது.

அன்றைக்குக் கற்றதையும் அதற்குப் பிறகு வந்த இரண்டு கிரகணங்களில் சொதப்பிச் சொதப்பிக் கற்றதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். செலவு என்று பார்த்தால் ஐம்பது, நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

முதல் வேலை: நேரத்தைவிட திசையைப் பாருங்கள்

கிரகணம் எத்தனை மணிக்குப் பிடிக்கும், எத்தனை மணிக்கு விடும் என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கும், பேப்பரிலும் வரும். அந்தக் கணக்கு நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1825இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், காகிதம் பேனா எதுவும் இல்லாமல், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களையும் (எண்களைச் சொற்களுக்குள் பொதிந்து வைத்த சூத்திரங்கள்) தரையில் பரப்பிய சோழிகளையும் மட்டும் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டு ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய ஜான் வாரன் என்பவருக்குக் காட்டினார். தொடக்க நேரம் நான்கு நிமிடம்தான் பிசகியது. முடிவு நேரம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிசகியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நேரத்தை யாரும் சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கம் சூரியன் நிற்கும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். 2019இல் காலை 8 மணிக்கு மேல் ஆரம்பித்து 9:35 வாக்கில் உச்சம், 11:15 தாண்டித்தான் விட்டது. கிழக்கே கடல், மறைக்க எதுவும் இல்லை, காசிமேடு முதல் திருவொற்றியூர் வரை யார் வீட்டு மாடியும் சரிதான். 2020 ஜூன் 21 கிரகணத்துக்கு உச்சம் நண்பகல் 12 மணி வாக்கில், சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில், நிழல் காலடியில். அன்று முழு ஊரடங்கு ஞாயிறு வேறு, தெருவில் ஆளே இல்லை. 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள், மாலை 5:15 வாக்கில் பிடித்தது, அரை மணி நேரத்தில் சூரியனே மறைந்துவிட்டது. கடல் காற்று வாங்கப் பழகிய நாங்கள் பழக்க தோஷத்தில் கடற்கரைக்குப் போய் நின்றோம். மேற்கே கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் ஒளிந்துகொள்ள, நாங்கள் பார்த்தது வெறும் அலையைத்தான். கிரகணம் என்றாலே பீச் என்று ஓடாதீர்கள்.

கிரகணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, அதே நேரத்துக்கு மாடிக்குப் போய் நின்று பாருங்கள். தண்ணீர் டேங்க் மறைக்கிறதா, எதிர்வீட்டு டவர் மறைக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

கண்: இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

கிரகண நேரத்தில் சூரியனிலிருந்து புதிதாக எந்த விஷக் கதிரும் வருவதில்லை. மற்ற நாளில் அண்ணாந்து பார்த்தால் கூச்சம் தாங்காமல் கண்ணை மூடிவிடுகிறோம், அதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. கிரகணத்தில் முக்கால்வாசி மறைந்திருப்பதால் கூச்சம் குறைகிறது, ஆவலும் சேர்ந்துகொள்கிறது, உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம். மிச்சமிருக்கும் அந்தக் கீற்று விழித்திரையைச் சுட்டுவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. அன்று இரவோ மறுநாளோ, எழுத்தைப் பார்த்தால் நடுவில் ஒரு கறை மாதிரி மறைக்கும்போதுதான் உறைக்கும். சிலருக்கு அது சரியாகாமலே போய்விடும்.

அதனால் எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி, சிடி, பழைய போட்டோ நெகட்டிவ் எதுவும் வேண்டாம். தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீரோ சாணித் தண்ணீரோ ஊற்றி அதில் தெரியும் சூரியனைப் பார்ப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். நேராகப் பார்ப்பதற்கு அது தேவலைதான், ஆனால் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, விட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கம் பட்டறைகள் அதிகம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெல்டிங் கண்ணாடி போதுமே என்பார்கள். 14ஆம் எண் கண்ணாடி என்றால் போதும். ஆனால் பட்டறையில் அன்றாடம் மாட்டியிருப்பது பெரும்பாலும் 10, 11ஆம் எண், அது போதாது. ஓரத்தில் எண் அச்சடித்திருக்கும். தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள், அண்ணன் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் சரி.

கிரகணக் கண்ணாடி வாங்கினால் ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரக் குறியீடு போட்டிருக்கிறதா பாருங்கள். பொய்யாகவும் அச்சடிக்கிறார்கள் என்பதால் வீட்டிலேயே சோதிக்கலாம். போட்டுக்கொண்டு டியூப் லைட்டைப் பார்த்தால் எதுவுமே தெரியக்கூடாது, ஒரே இருட்டாக இருக்க வேண்டும். கீறல், ஊசி ஓட்டை இருந்தால் குப்பையில் போடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் கிரகணச் சமயங்களில் இவற்றை மலிவாகக் கொடுப்பதுண்டு. குனிந்து மாட்டுங்கள், பிறகு அண்ணாந்து பாருங்கள். குனிந்த பிறகே கழற்றுங்கள். அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகப் பார்க்கவே கூடாது. லென்ஸ் குவிக்கிற வெயில் அந்தப் பிலிமையே பொத்துவிடும்.

சமையலறையைத் துழாவுங்கள்

இனி குனிகிற வேலை. சின்ன ஓட்டை வழியாக வருகிற வெயில், கொஞ்ச தூரம் போனதும் ஓட்டையின் வடிவத்தை மறந்துவிட்டு சூரியனின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். மரத்தடியில் வெயில் வட்ட வட்டமாக விழுவதும் இதனால்தான். இலை இடுக்கு எதுவும் வட்டமில்லை, சூரியன்தான் வட்டம். கிரகணத்தன்று சூரியன் பிறையானால் மரத்தடி முழுக்கப் பிறை விழும். தெருவில் பூவரசோ வேம்போ இருந்தால் முதலில் அதன் அடியில் போய்ப் பாருங்கள், செலவே இல்லை.

கணக்கு ரொம்ப சுலபம். ஓட்டைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை 110ஆல் வகுத்தால் விழுகிற பிம்பத்தின் அகலம். ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்தால் 9 மில்லிமீட்டர், அதாவது ஒரு பெரிய பொட்டு அளவு.

எல்லோரும் சல்லடையைச் சொல்வார்கள். சல்லடையில் ஓட்டைகள் நெருக்கம், கொஞ்சம் உயர்த்தினாலே பிறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். ஓமப்பொடி அச்சும் அப்படித்தான். ஜல்லிக்கரண்டி பரவாயில்லை, இடுப்பு உயரத்துக்குக் கீழே பிடித்தால் நாலைந்து வரிசைப் பிறை கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்தது தேன்குழல் அச்சு. மூன்று ஓட்டை, நடுவில் நல்ல இடைவெளி, ஒரு மீட்டர் உயரத்தில் மூன்று சுத்தமான பிறைகள்.

குழந்தைகளிடம் காட்ட முள்ளுமுறுக்கு அச்சை எடுங்கள், நட்சத்திர ஓட்டை ஒன்றே ஒன்று இருக்குமே, அது. தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்தால் நட்சத்திரம் விழும். மெதுவாக உயர்த்துங்கள். முனைகள் மழுங்கும். நாற்காலியில் ஏறுங்கள், அப்புறம் கைப்பிடிச் சுவரை ஒட்டி மேல் மாடியிலிருந்து கீழ் மாடிக்கு விழுகிற மாதிரி பிடியுங்கள். கண்ணெதிரிலேயே நட்சத்திரம் கரைந்து பிறையாகிவிடும். நான் நாலு பேருக்குப் படம் போட்டு விளக்கியும் புரியாதது அந்த அச்சில் ஒரு நிமிடத்தில் புரிந்தது.

எதுவுமே கையில் இல்லையென்றால் இரண்டு கை விரல்களையும் குறுக்கே பின்னி, இடுக்கு வழியாக வெயில் விழ விடுங்கள். அதிலும் பிறை தெரியும். பிம்பம் தலைகீழாக இருக்கும், வானத்தில் மேலே கடிபட்டிருந்தால் தரையில் கீழே கடிபட்டிருக்கும், பயப்பட வேண்டாம்.

வீட்டுக்குள் வந்த சூரியன்

இதுதான் என் வழிகாட்டியின் முக்கியமான பகுதி, மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

2019இல் அக்கா மாசமாக இருந்தாள். எங்கள் ஆயா முந்தைய நாளே உத்தரவு போட்டுவிட்டாள்: கிரகணம் விடுகிற வரை அக்கா வெளியே வரக்கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது, காய் நறுக்கக்கூடாது. அக்கா இயற்பியல் படித்தவள். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால் ஆயாவிடம் சண்டை போடவும் மனசு வரவில்லை. உள்ளறையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே நாங்கள் கத்துகிற சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். (கர்ப்பிணிகளுக்குக் கிரகணத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பட்டினி போடுவதுதான் தப்பு.)

கூடை வெளிச்சத்தைப் பார்த்த சூட்டில்தான் அந்த யோசனை வந்தது. செய்முறை இதுதான்.

பொட்டு வைக்கிற சின்னக் கைக்கண்ணாடி ஒன்று எடுங்கள். அதன்மேல் கருப்புச் சார்ட் ஒட்டி, நடுவில் ஒரே ஒரு ஓட்டை. காகிதம் துளைக்கிற பஞ்சிங் மெஷினில் போடுகிற ஓட்டை 6 மில்லிமீட்டர், அளவெடுத்த மாதிரி பொருந்தும். கண்ணாடியை வெயில் விழுகிற வாசற்படியிலோ ஜன்னல் திட்டிலோ வையுங்கள். சாய்வாக நிற்க வைப்பதுதான் பாடு. செங்கல், டப்பா, எல்லாம் வைத்துப் பார்த்து, கடைசியில் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றில் குத்தி வைத்தோம், எப்படித் திருப்பினாலும் நின்றது. வெளிச்சப் பொட்டை வீட்டுக்குள் அனுப்பி, எட்டு பத்து மீட்டர் தள்ளி இருட்டறைச் சுவரில் விழ வையுங்கள். சுவர் அழுக்காக இருந்தால் வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். பத்து மீட்டரில் பிம்பம் ஒன்பது சென்டிமீட்டர், ஒரு சின்னப் பூரி அளவு.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ரயில் பெட்டி மாதிரி வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோட்டில் போகிற நீள வீடுகள் இதற்கென்றே கட்டினாற்போல் இருக்கும். காற்று வராது, வெளிச்சம் வராது என்று வாழ்நாள் முழுக்கத் திட்டிய வீட்டுக்கு அன்றைக்குத்தான் ஒரு மரியாதை கிடைத்தது.

இரண்டு எச்சரிக்கை. யாரும் அந்தக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது, அதில் தெரிவது நிஜச் சூரியன், நேராகப் பார்ப்பதற்குச் சமம். வெளிச்சம் போகும் பாதையில் யார் கண்ணும் வரக்கூடாது. அப்புறம் சூரியன் நகர்ந்துகொண்டே இருப்பதால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பிம்பம் தன் அகலத்துக்குச் சுவரில் நகர்ந்துவிடும். கண்ணாடியைத் திருப்ப வாசலில் பொறுமையான ஆள் ஒருவரை உட்காரவையுங்கள். நாங்கள் பொறுமையில்லாத தம்பியை உட்காரவைத்தோம், சூரியன் பாதி நேரம் பீரோ மேலேயே இருந்தது.

அக்கா அறையைவிட்டு வெளியே வரவே இல்லை. உள்ளறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், கடித்து வைத்த அப்பளம் மாதிரி சூரியன் வந்து நின்றது. வெளியே மேகம் கடந்தபோது சுவரில் அதன்மேல் புகை போவது போல் போனது. அது நகர்வது தெரிந்ததும்தான் அக்கா எழுந்து கிட்டே போனாள், விரலால் பிறையின் முனையைத் தொட்டாள், பிறை அவள் நகத்தின் மேல் வளைந்தது.

ஆயா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நெழல்தான? நெழலுக்கு ஒண்ணும் இல்ல" என்று அவளாகவே ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். உச்சம் தாண்டும் வரை எழுந்திருக்கவில்லை. அப்புறம் தலைக்கு ஊற்றிக்கொண்டாள், அது வேறு விஷயம்.

அன்று எதை எதைக் கவனிப்பது

முதல் கடி விழும் தருணத்தைக் கண்ணாடி போட்டவர்கள் பார்க்கட்டும். முதல் முக்கால் மணி நேரம் பெரிதாக எதுவும் தெரியாது, பலர் இறங்கிப் போய்விடுவார்கள், விடுங்கள். பாதிக்கு மேல் மறைந்த பிறகுதான் வெளிச்சம் மாறும். அது சாயங்கால மஞ்சள் இல்லை, மேக மூட்டமும் இல்லை, டியூப் லைட் வோல்டேஜ் குறைந்த மாதிரி ஒரு வெளிறல். உங்கள் தலைமுடி நிழலைப் பாருங்கள், ஒரு திசையில் மட்டும் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரியும். வெயில் முதுகில் உறைக்காது.

2019இல் சென்னையில் சூரியனில் ஐந்தில் நாலு பங்குக்கும் மேல் மறைந்தது. ஊர் இருட்டிவிடும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். காக்கைகள் கூடு திரும்பும் என்று அப்பா சொல்லியிருந்தார். மீன் சந்தை பக்கத்துக் காக்கைகளுக்கு அதெல்லாம் இல்லை, வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது சுனாமியின் பதினைந்தாவது நினைவு நாளும்கூட. காசிமேட்டில் கடலில் பால் ஊற்றிப் பூத் தூவிவிட்டு வந்த எதிர்வீட்டு அண்ணன், தரையில் கிடந்த பிறைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், எதுவும் சொல்லாமல் போய்விட்டார். நாங்களும் கூப்பிடவில்லை.

அதே நேரத்தில் கோவை, திருச்சி, திண்டுக்கல் பக்கம் முழு வளையம் தெரிந்தது. நிலா கொஞ்சம் தொலைவில் இருந்தால் சூரியனை முழுக்க மூட முடியாமல் ஓரம் வளையமாக மிஞ்சும். நிலாவைவிடச் சூரியன் சுமார் 400 மடங்கு பெரியது, சுமார் 400 மடங்கு தூரத்தில் இருக்கிறது, அதனால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவு. நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருப்பதால் எல்லா அமாவாசைக்கும் கிரகணம் வருவதில்லை. இரண்டு பாதைகளும் வெட்டுகிற புள்ளிகளைத்தான் நம் ஆட்கள் ராகு, கேது என்று வைத்தார்கள். பாம்பு கதையை விடுங்கள், புள்ளி சரியான புள்ளி.

முழுக் கிரகணம் என்பது இதிலிருந்து அப்படியே வேறு. 99 சதவீதம் மறைந்தாலும் பகல்தான், அந்தக் கடைசி ஒரு சதவீதமும் போனால்தான் சூரியனைச் சுற்றி வெள்ளொளி தெரியும். 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்துக்காக நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து அதன் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்துக்கும், அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்திக்கும் போனார்கள். ஹீலியம் என்ற தனிமத்தின் கதை அந்தக் கிரகணத்தில் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்த ஒரு மஞ்சள் கோட்டில்தான் தொடங்குகிறது.

உலக்கை நிற்குமா?

நிற்கும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால் கிரகணத்தில் மட்டும் தானாக நிற்கும் என்று எங்கள் தெருவில் நாலு வீட்டில் நிறுத்தியிருந்தார்கள், செல்போனில் படம் எடுத்துச் சுற்றுக்கும் விட்டார்கள். அடிப்பக்கப் பூண் தட்டையாக இருந்தால் எந்த நாளும் நிற்கும். மறுநாள் ஆயா முன்னால் நிறுத்திக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கு போல" என்றாள். வாதம் செய்யாதீர்கள், கிரகண நாளில் உலக்கையோடு அவர்களையும் மாடிக்குக் கூட்டிப் போங்கள்.

போட்டோ எடுக்க ஆசைப்பட்டால் செல்போன் லென்ஸுக்கு முன்னால் கிரகணக் கண்ணாடியின் பிலிமைப் பிடித்து எடுக்கலாம், ஆனால் கிடைப்பது ஒரு ஆரஞ்சுப் புள்ளிதான். தரையில் விழுந்த பிறைகளை எடுங்கள், சட்டையில் பிறை விழுந்த குழந்தையை எடுங்கள்.

அடுத்தது

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. எகிப்தின் லக்சர் பக்கம் ஆறு நிமிடத்துக்கும் மேல் முழுக் கிரகணம், நமக்கு மாலையில் பகுதி கிரகணம். 2009 ஜூலை 22 காலையில் வாரணாசி, பாட்னா பக்கம் முழுதாகத் தெரிந்ததே, அதன் உடன்பிறப்புதான் இது. 18 வருடம் 11 நாள் கழித்து அதே குடும்பத்திலிருந்து வருகிறது. வளையம் பார்க்க வேண்டுமென்றால் 2031 மே 21 அன்று மதுரைக்கு ரயில் ஏறுங்கள். வளையத்தின்போதும் கண்ணாடியைக் கழற்றக்கூடாது.

2027க்கு மேற்கு திறந்திருக்கிற மாடி வேண்டும். ஆகஸ்ட் சாயங்காலம் மேகம் கட்டுகிற காலம் என்பதால் அதிர்ஷ்டமும் வேண்டும். கடி சின்னதாக இருந்தால் தேன்குழல் அச்சு அவ்வளவாகக் காட்டாது, சுவரில் பெரிதாக விழுகிற கைக்கண்ணாடி முறைதான் கை கொடுக்கும்.

அக்கா பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. சுவரில் சூரியனைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சிக்கல் என்னவென்றால் எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது, மாலை வெயில் உள்ளே வராது. எதிர்வரிசை வீடுகள் மேற்குப் பார்த்தவை, ஆனால் எங்கள் மூன்று மாடிக் கட்டடமே அவர்களின் கீழ்த்தளத்துக்கு வெயிலை மறைத்துவிடுகிறது. போன ஆகஸ்டில் ஐந்து மணிக்குத் தெருவில் நின்று பார்த்தேன், நேராக வெயில் விழுகிறது ஒரே ஒரு இடத்தில்தான், எதிர்வீட்டு இரண்டாம் மாடி அத்தையின் வராந்தா. தண்ணீர் லாரி வந்த அன்று குடம் வரிசைக்காக அம்மாவும் அந்த அத்தையும் போட்ட சண்டையில் ஆறு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. தீபாவளிக்கு அதிரசத் தட்டோடு போகலாம் என்று அக்கா சொல்கிறாள், அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.